மண்வள அட்டையில் 12 எண்கள் உண்டு, புழுவுக்கு ஒரு கட்டமும் இல்லை: குழி தோண்டி எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஆனேக்கல்_முக்கால்ஏக்கர் | ஜூன் 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். ஆனேக்கல் பக்கம் முக்கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நான்காவது வருடம் ஓடுகிறது. செம்மண் பூமி. தக்காளியும் அவரையும் பாத்தியில், ராகி ஓரத்தில்.

போன மாதம் மண்வள அட்டை கைக்கு வந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என்று மொத்தம் 12 எண்கள். 2015-இல் திட்டம் தொடங்கியதிலிருந்து இதே 12தான். என் மண்ணில் கரிமம் 0.46 என்று போட்டுப் பக்கத்தில் 'குறைவு' என்று எழுதியிருந்தார்கள். 0.5-க்குக் கீழே போனால் குறைவு என்பது கணக்கு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூன்று வருடமாக ராகித் தாளும் புங்க இலையும் சுமந்து மூடாக்குப் போட்டிருக்கிறேன். முதல் வருடம் கடப்பாரை இறங்காத இடத்தில் இப்போது மண்வெட்டி இறங்குகிறது. அந்த மாற்றம் அட்டையில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கிடைக்கவில்லை.

அதனால் போன ஞாயிறு, இரண்டு நல்ல மழைக்குப் பிறகு, நானே குழி போட்டேன். 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். எடுத்த மண்ணை வெள்ளை உரச்சாக்கில் கொட்டி, கட்டி கட்டியாகக் கையால் பிட்டுப் பார்த்தேன். மூன்று இடம். மூடாக்குப் போட்ட தக்காளிப் பாத்தியில் 11 மண்புழு. இரண்டு பாத்திக்கு நடுவே நாங்கள் நடக்கும் தடத்தில் 2. பக்கத்து நிலத்துக்காரர் அனுமதியோடு அவர் செண்டுமல்லி வயலில் ஒன்றுமில்லை.

எண்ணிக்கையைவிட என்னை நிறுத்தி வைத்தது வேறு ஒன்று. பாத்தியில் எடுத்த ஒரு கட்டியைப் பிட்டபோது பென்சில் பருமனுக்கு ஒரு துளை நேராகக் கீழே இறங்கியது. துளையின் சுவர் மட்டும் கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருந்தது. அந்தத் துளைக்குள்ளேயே ஒரு தக்காளி வேர் கீழே போயிருந்தது. இறுகிய மண்ணில் வேர் தானாக வழி தேடவில்லை, புழு போட்ட வழியில் போயிருக்கிறது.

என் கேள்வி இதுதான். சதுர மீட்டருக்கு என்றால் 11-ஐ 16-ஆல் பெருக்க 176 வருகிறது. இது நல்ல எண்ணா? மண்புழுவைத் தவிர வேறு எதை எண்ண வேண்டும்? எண்ணியவர்கள் சொல்லுங்கள்.

கேஆர்புரம்_மாடி | ஜூன் 9, இரவு 10:15

என் மாடித் தொட்டிகளில் கையை விட்டால் சிவப்புப் புழு கொத்தாக வருகிறது அக்கா. அப்படியானால் என் மண் உங்கள் வயலைவிட நல்ல மண்ணா?

மண்விலங்கியல்_மாணவி | ஜூன் 10, காலை 6:50

அக்கா, நீங்கள் போட்ட குழியின் அளவு, வெப்பமண்டல மண் உயிரிகளை ஆய்வு செய்பவர்கள் பயன்படுத்தும் அதே அளவு. நான் இங்கே ஜி.கே.வி.கே. (வேளாண் பல்கலை வளாகம்) பக்கம் மண் விலங்கியல் படிக்கிறேன், எங்களுக்கும் அதுதான் பாடம்.

176 நல்லதா என்றால், அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. இங்கிலாந்துப் புல்வெளிக்கும் பெங்களூரு செம்மண்ணுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. அதே நாளில், அதே மண்ணில், வேறு விதமாக நடத்தப்பட்ட இடத்தோடு ஒப்பிட்டால்தான் பேசும். நீங்கள் அதைச் செய்துவிட்டீர்கள்: 11, 2, 0. இதில் எனக்குப் பிடித்த எண் நடுவில் இருக்கும் 2. உங்கள் பாத்திக்கும் தடத்துக்கும் மண் ஒன்று, மழை ஒன்று, மருந்தும் ஒன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் மிதிபடுவதும் மூடாக்கும் மட்டும். பக்கத்து வயலின் 0-வுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்.

அடுத்து, எத்தனை என்பதோடு யார் யார் என்றும் பாருங்கள். மண்புழுவை வாழும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். குப்பையிலும் சாணத்திலும் மேலாக வாழ்பவை முதல் வகை. கருஞ்சிவப்பாக இருக்கும், துறுதுறுவென்று ஓடும். கேஆர்புரம் அண்ணா, உங்கள் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் இவைதான். தொட்டியில் மக்கும் காய்கறிக் கழிவு நிறைய இருக்கிறது என்று சொல்கின்றன. மண்ணைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. இரண்டாம் வகை மண்ணுக்குள்ளேயே படுக்கை வாட்டில் துளை போட்டு மண்ணையே தின்று வாழும், வெளிறிய நிறம். மூன்றாம் வகை மேலே வந்து இலையை இழுத்துக்கொண்டு செங்குத்தான துளையில் கீழே போகும். அக்கா பார்த்த கறுப்புச் சுவர் போட்ட துளை அந்த மாதிரிப் புழுவின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் பக்கத்து வயல்களில் பரவலாக இருக்கும் லாம்பிட்டோ மாரிட்டி செங்குத்தாகத் துளை போடும் இனம்.

கோடையில் எண்ணிவிட்டுப் புழுவே இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஏப்ரலில் பல புழுக்கள் ஆழத்துக்குப் போய்ப் பந்துபோலச் சுருண்டு கிடக்கும். மழை பிடித்து இரண்டு வாரம் கழித்து, காலையில் எண்ணுங்கள்.

ஹொஸ்கோட்டை_உழவன் | ஜூன் 10, இரவு 8:30

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து ஹொஸ்கோட்டையில் 26 வருடமாகக் காய்கறி செய்கிறவன். வருத்தப்படாமல் கேளுங்கள் தங்கச்சி. புழுவை எண்ணிப் பார்ப்பதற்கு முக்கால் ஏக்கரில் நேரம் இருக்கும், ஆறு ஏக்கரில் இருக்காது.

எங்களுக்கு வேறு கணக்கு இருந்தது. ஏர் ஓட்டும்போது பின்னாலேயே கொக்கும் மைனாவும் வரிசை கட்டி வரும். எத்தனை வருகிறது என்று பார்த்தாலே மண் எப்படி என்று அப்பா சொல்லிவிடுவார். இப்போது ரோட்டவேட்டர் ஓட்டினால் ஒன்றோ இரண்டோ வந்து ஏமாந்து போகிறது. அது எனக்கும் தெரிகிறது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் மண்ணில் உயிர் இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வேர்ப்புழுவும் உயிர்தான். முந்தின வருடம் நிலக்கடலையைப் பிடுங்கினால் வேரே இல்லாமல் கையோடு வந்தது. தக்காளியில் வேர்முடிச்சு நூற்புழு, அதுவும் உயிர்தான். கறையான் வேறு. இத்தனையும் இருக்கிற மண்ணை நல்ல மண் என்பீர்களா?

இன்னொன்று. ஒரு கடையில் 'வயலில் விடுங்கள், இரண்டு வருடத்தில் உழவே வேண்டாம்' என்று சொல்லி மூன்று கிலோ புழு விற்றார்கள். விட்டேன். பத்து நாளில் போன இடம் தெரியவில்லை. அப்போதிலிருந்து புழுப் பேச்சு என்றாலே எனக்குக் கோபம் வருகிறது.

மண்விலங்கியல்_மாணவி | ஜூன் 11, காலை 7:05

அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. உங்களுக்கு விற்றது உரத்தொட்டிப் புழுவாகத்தான் இருக்கும், ஆப்பிரிக்கப் புழு அல்லது ஐரோப்பியச் சிவப்புப் புழு. அவற்றுக்குக் குப்பைதான் வீடு. கரிமம் குறைந்த செம்மண்ணில் விட்டால் தின்ன ஒன்றும் இல்லாமல் செத்துப்போகும் அல்லது ஓடிப்போகும். இங்கே வேளாண் பல்கலையில் ராதா காலே அம்மா பல ஆண்டு மண்புழு உரத்தில் உழைத்தவர். சென்னையில் சுல்தான் இஸ்மாயில் ஐயா, உள்ளூர்ப் புழுக்களையே நம்புங்கள் என்று எத்தனையோ மேடையில் சொன்னவர். புழுவைக் கொண்டுபோய் விடத் தேவையில்லை. வரப்பில் இருக்கிறவை உணவும் ஈரமும் இருந்தால் தானே உள்ளே வரும்.

நூற்புழு பற்றி நீங்கள் கேட்டது முக்கியமான கேள்வி. மண்ணில் இருக்கும் நூற்புழுக்களில் பல வகை பயிரைத் தொடுவதே இல்லை. சில பாக்டீரியாவைத் தின்னும், சில பூஞ்சணத்தை, சில மற்ற நூற்புழுக்களையே வேட்டையாடும். 1990-இல் நெதர்லாந்தில் போங்கர்ஸ் என்பவர் இதை வைத்தே ஓர் அளவுகோல் செய்தார். வேகமாகப் பெருகி, தொந்தரவைத் தாங்கும் வகைகளுக்கு 1. மெதுவாகப் பெருகி, சிறு தொந்தரவுக்கும் செத்துப்போகும் வகைகளுக்கு 5. பயிரைத் தின்னாத நூற்புழுக்களின் சராசரி 1-ஐ நெருங்கினால் மண் அடிக்கடி கலைக்கப்படுகிறது என்று பொருள். வேர்முடிச்சுப் புழு மட்டும் பெருகியிருக்கும் மண்ணில் பல நேரம் காணாமல் போயிருப்பவை இந்த வேட்டைக்கார வகைகள்.

இதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். வயலில் நின்றே பார்க்கக்கூடியது வேர்தான். முடிச்சை விரலால் தேய்த்துப் பாருங்கள். அவரை வேரில் இருக்கும் தழைச்சத்து முடிச்சு உருண்டு தனியே வந்துவிடும். நூற்புழு முடிச்சு வராது, வேரே வீங்கியிருக்கும்.

கறையானுக்கு மட்டும் நான் உங்களோடு கொஞ்சம் வாதாடுவேன். மண்புழு தாங்காத வறண்ட பூமியில் மண்ணைத் துளைத்து மழைநீரை உள்ளே விடுகிற வேலையைச் செய்வது கறையானும் எறும்பும்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல் ஒன்றில், ஒரு பகுதியில் இரண்டையும் மருந்து வைத்து அழித்தார்கள், மறுபகுதியில் விட்டுவைத்தார்கள். விட்டுவைத்த பகுதியில் 36 விழுக்காடு கூடுதல் விளைச்சல். 2011-இல் வெளியான ஆய்வு. மக்கும் தாள் மேலே கிடந்தால் கறையான் பெரும்பாலும் அதைத்தான் தேடிப் போகும். தாளே இல்லாத வயலில் பயிரைத் தொடும்.

வேர்ப்புழு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கோடை மழை விழுந்த அன்று மாலை வேப்பமரத்தில் அதன் தாய் வண்டு வந்து மொய்க்கும், அப்போதே உலுக்கிப் பொறுக்குவதுதான் வழி.

ஹொஸ்கோட்டை_உழவன் | ஜூன் 11, இரவு 9:20

விரலால் தேய்த்துப் பார்த்தேன். நூற்புழுதான். அடுத்த பட்டம் அந்த அரை ஏக்கரில் செண்டுமல்லி போடுகிறேன், அதற்குப் பின் நூற்புழு குறைவது எங்கள் அனுபவம்.

ஆனேக்கல்_முக்கால்ஏக்கர் | ஜூன் 23, இரவு 10:50

தங்கை சொன்னதைப் படித்துவிட்டுச் சின்ன உயிர்களைப் பிடிக்க முயன்றேன். செய்த விதத்தை முழுக்க எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

1905-இல் பெர்லீஸ் என்ற இத்தாலியர் கண்டுபிடித்த புனல் இது. மேலே சூடு, கீழே குளிர்ச்சி. மண் மேலிருந்து காயக் காய, உள்ளே இருக்கும் உயிர்கள் ஈரத்தைத் தேடி இறங்கி இறங்கிக் கடைசியில் புனல் வழியாகக் கிண்ணத்தில் விழும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நடுவில் அறுத்து, மேல் பாதியைக் கவிழ்த்துப் புனலாக்கினேன். அதில் கொசுவலையை இரண்டாக மடித்து வைத்தேன். கீழே சின்னக் கிண்ணத்தில் மருந்துக்கடை ஸ்பிரிட். 10 செ.மீ. கனசதுரமாக வெட்டிய மண்ணை உடைக்காமல் தலைகீழாக வலையில் வைத்தேன். மேலே விளக்கு.

விளக்கில்தான் முதல் தடவை தோற்றேன். வீட்டில் எல்லாம் எல்.இ.டி. அதில் சூடே இல்லை, இரண்டு நாள் கழித்தும் மண் ஈரமாகவே இருந்தது. எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிப் பழைய 40 வாட் குண்டு பல்பு இரண்டு வாங்கி வந்தேன். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நான்கு நாள். அவசரப்பட்டு அருகில் வைத்தால் எல்லாம் உள்ளேயே வெந்து செத்துவிடும்.

நான்காம் நாள் காலை கிண்ணத்தை நகை பார்க்கும் லென்சில் பார்த்தேன். பாத்தி மண்ணில், கடுகைவிடச் சிறிய பழுப்பு நிற மைட்கள் (உண்ணி வகைச் சிற்றுயிர்கள்), ஓடு போட்டு மினுங்குகின்றன. ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளும் சிற்றுயிர்கள் முப்பதுக்கு மேல். சில சாம்பல் நிறம், உடம்பெல்லாம் மயிர். சில பால் வெள்ளை, கண் இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளையாக, பின்னால் இரண்டு நூல்போல வால் நீட்டிய ஒன்று. குட்டிப் பூரான்போல வெள்ளையாக இரண்டு. எறும்பு மூன்று. தட மண்ணில் மைட் ஐந்தாறு, எறும்பு ஒன்று, அவ்வளவுதான்.

என் பையன் எட்டாவது படிக்கிறான். லென்சை என்னிடமிருந்து வாங்கியவன் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும் வரை தரவில்லை.

மண்விலங்கியல்_மாணவி | ஜூன் 24, காலை 6:40

அக்கா, எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அந்தக் கண்ணில்லாத வெள்ளை ஸ்பிரிங்டெயில்தான் விஷயமே.

ஸ்பிரிங்டெயில் வயிற்றுக்கு அடியில் ஒரு கவையை மடித்து வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அதைத் தட்டி எகிறும். மேலே, இலைக்குப்பையில் வாழ்பவைக்கு நீளமான கவை, கண், நிறம் எல்லாம் உண்டு. ஆழத்தில் நிரந்தரமாக வாழ்பவைக்கு அவை தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக கண் போய், நிறம் போய், கவையும் சுருங்கிவிட்டது. அந்த மாதிரி உயிர் மண்ணைக் கலைத்தால் வேறு இடம் தேடி ஓடவும் முடியாது, சீக்கிரம் திரும்பி வரவும் முடியாது. அது இருக்கிறது என்றால் அந்த மண்ணின் துளைகள் சில காலமாக இடிந்துபோகாமல் இருக்கின்றன என்று பொருள்.

இதை வைத்து இத்தாலியில் பரிசி என்பவரின் குழு ஓர் எண் முறை செய்தது. இனப்பெயர் தெரிய வேண்டியதில்லை. மண்ணுக்குள் வாழ எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண், கடைசியில் கூட்ட வேண்டும். மைட் 20. இரண்டு வால் நீட்டியது டிப்ளூரா, 20. குட்டிப் பூரான்போல இருந்தது சிம்ஃபைலா, 20. எறும்பு 5. ஸ்பிரிங்டெயிலுக்கு உடலமைப்பைப் பொறுத்து 1 முதல் 20 வரை. உங்கள் பாத்தி ஸ்பிரிங்டெயிலைச் சேர்க்காமலே 65. தடம் 25. ஒவ்வோர் இடத்திலும் மூன்று மண்கட்டி எடுத்துச் செய்தால் இன்னும் நம்பலாம்.

ஓடு போட்ட மைட்களையும் கவனியுங்கள். ஓரிபாட்டிட் என்று பெயர். சிற்றுயிர் உலகில் அவை ஆமை மாதிரி, மெதுவாக வளரும், முட்டையும் குறைவு. ஒருமுறை அழிந்தால் எண்ணிக்கை மீள நீண்ட காலம் ஆகும்.

கோலார்_ஏரிக்கரை | ஜூன் 24, மதியம் 2:10

எங்கள் பக்கம் 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் ஏரிகளுக்கு வருகிறது, கோரமங்களா செல்லகட்டா பள்ளத்தாக்குத் தண்ணீர். போர்வெல்லில் நீர் ஏறியது உண்மை, அதற்கு நன்றி உண்டு. ஆனால் ஏரி வண்டலை வயலுக்கு அடித்த பிறகு புழு ஏராளமாக இருக்கிறது. புழு இருந்தால் மண்ணில் விஷம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மண்விலங்கியல்_மாணவி | ஜூன் 24, மாலை 6:30

எடுத்துக்கொள்ளக் கூடாது. காட்மியம் மாதிரி உலோகத்தை மண்புழு உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். புழுவைத் தின்னும் பறவைக்கும் கோழிக்கும் அது போய்ச் சேரும். வண்டல் அடிக்கும் முன் உலோகச் சோதனை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும், புழு அதற்கு மாற்று இல்லை.

ஒரே இனம் மட்டும் பெருகினாலும் சந்தேகப்படுங்கள். அமேசானில் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்தில் மற்ற உயிர்கள் போய், பான்டோஸ்கோலெக்ஸ் என்ற ஒரே புழு எக்கச்சக்கமாகப் பெருகியது. அது போட்ட எச்சம் மேல்மண்ணைச் சிமென்ட்போல இறுக்கி, தண்ணீர் இறங்காமல் செய்துவிட்டது. அந்தப் புழு நம் நாட்டிலும் பரவலாக இருக்கிறது.

தொட்டபள்ளாபுரம்_திராட்சை | ஜூலை 2, இரவு 8:05

மகள் படித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள். பெங்களூர் நீலத் திராட்சை, இரண்டு ஏக்கர், 19 வருடக் கொடி. அடிச்சாம்பல் நோய்க்கு வருடா வருடம் போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும்தானே, பாட்டன் காலத்து மருந்து, அதனால் தப்பில்லை என்று மழைக்காலம் முழுக்க அடிப்பேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்துக் கொடிக்கு அடியில் ஆறு குழி போட்டேன். ஒரு புழு இல்லை. தொழு உரம் வருடம் தவறாமல் போடுகிறேன், ஈரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. போன வருடத்து இலைகூட மக்காமல் அப்படியே அடுக்கடுக்காக இருக்கிறது. ஏன் அம்மா?

மண்விலங்கியல்_மாணவி | ஜூலை 3, காலை 7:00

ஐயா, மக்காத இலை என்று சொன்னீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் சிதைந்துபோகும் பொருள் இல்லை. 19 வருடம் அடித்தது பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கும். மண்புழு தாமிரத்துக்கு மிகவும் பயப்படும்.

உங்களிடம் மண்வள அட்டை இருந்தால் தாமிரம் எத்தனை என்று பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். பிளாஸ்டிக் டப்பாவின் நடுவே தடுப்பாக ஒரு காகித அட்டையைச் செருகி, ஒரு பக்கம் கொடியடி மண், மறுபக்கம் அதே தோட்டத்தில் மருந்து படாத மூலை மண். அந்த மூலைக்கும் தொழு உரம் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்காக ஒரு பக்கம் போகிறதா என்று தெரியாது. இரண்டுக்கும் ஈரம் ஒரே அளவு. அட்டையை எடுத்துவிட்டு, கோட்டின் மேல் உரத்தொட்டிப் புழு 10 விடுங்கள். மூடியில் துளை போட்டு நிழலில் 48 மணி நேரம். பிறகு அட்டையை மறுபடி செருகி இரு பக்கமும் எண்ணுங்கள். ஆய்வகங்களிலும் இதே முறைதான். சோதனை மண்ணில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக நின்றால் அந்த மண் புழு வாழத் தகுதி இழந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் ஒரே மண் போட்ட டப்பா ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

தொட்டபள்ளாபுரம்_திராட்சை | ஜூலை 8, இரவு 8:40

மூன்று டப்பா வைத்தோம். முதல் டப்பாவில் மூலை மண்ணில் 9, கொடி மண்ணில் 1. இரண்டாவது 8, 2. மூன்றாவது 9, 1. ஒரே மண் போட்ட டப்பாவில் 6, 4. மொத்தம் 30 புழுவில் 4தான் என் கொடி மண்ணில் நின்றது. அதில் ஒன்று டப்பாச் சுவரில் ஏறி மூடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது, மண்ணைத் தொடவே இல்லை.

அட்டையைத் தேடி எடுத்தோம். தாமிரம் 17 என்று இருக்கிறது. பக்கத்தில் 'போதுமானது' என்று போட்டிருக்கிறார்கள். போதுமானது என்று இருந்ததால் இரண்டாவது தடவை பார்க்கவே இல்லை.

மண்விலங்கியல்_மாணவி | ஜூலை 8, இரவு 9:30

ஐயா, தாமிரம் 0.2-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பதுதான் அட்டையின் கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 'போதுமானது' என்றே வரும். பற்றாக்குறையைத் தேடுவதற்காகச் செய்த அட்டை அது.

இருக்கும் தாமிரத்தை வெளியே எடுக்க எளிய வழி இல்லை. அதன் கடுமையைக் குறைக்கலாம். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு ஏற்றுங்கள், அமில மண்ணில்தான் அது அதிகம் கரைந்து வரும். நன்றாக மக்கிய உரம் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள்காட்டி பார்த்து மருந்து அடிக்காமல் நோய் வரும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து அடியுங்கள். உடனே நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன், கொடி உங்கள் சோறு.

ஆனேக்கல்_முக்கால்ஏக்கர் | ஜூலை 9, காலை 6:15

ஐயா, உங்கள் பதிவை இரவு இரண்டு முறை படித்தேன். இந்த இழையை நான் அட்டையின் மேல் வருத்தப்பட்டுத் தொடங்கினேன். பதில் அட்டையிலேயே இருந்திருக்கிறது, எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று காட்ட ஒரு புழு தேவைப்பட்டது. என் அட்டையையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். கரிமம் 0.46 என்று போட்டார்களே, மண் மாதிரியை நான் எடுத்துக் கொடுத்த இடம் நினைவுக்கு வந்தது. பாத்தியிலும் தடத்திலுமாக ஐந்து இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்து கொடுத்தேன். 11 புழு இருக்கும் மண்ணையும் 2 புழு இருக்கும் மண்ணையும் கலந்து ஒரு எண் வாங்கியிருக்கிறேன். அடுத்த முறை தனித்தனியாகக் கொடுப்பேன்.

கேஆர்புரம்_மாடி | ஜூலை 9, காலை 9:00

தட்டுக்கழுவிய நீரை விடும் தொட்டியில் மட்டும் புழு எல்லாம் சுவரில் ஏறி நிற்பதை இப்போதுதான் கவனித்தேன். இன்றிலிருந்து அந்த நீரை நிறுத்துகிறேன்.

ஹொஸ்கோட்டை_உழவன் | செப்டம்பர் 14, இரவு 9:10

நான் எண்ண மாட்டேன் என்று சொன்னவன். இந்த ஞாயிறு மகனோடு போய் ஒன்பது குழி போட்டேன், எழுதிவிடுகிறேன்.

வரப்பில் புங்கமரத்து அடியில் 19. வரப்பிலிருந்து நாலு எட்டு உள்ளே 8. வயல் நடுவில் 1. மூன்று வரிசையிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி. நடுவில் வருடத்துக்கு நாலு தடவை ரோட்டவேட்டர் ஓடுகிறது, வரப்போரம் வண்டி திரும்ப இடமில்லாததால் ஓடாது. மருந்தும் உரமும் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

19 வந்த குழியில் கட்டியைப் பிட்டபோது தங்கச்சி சொன்ன அந்தக் கறுப்புச் சுவர் போட்ட துளையைப் பார்த்தேன். எங்கள் அப்பா மண்ணை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பார். நான் அப்படிச் செய்து பதினைந்து வருடம் இருக்கும். அன்று செய்தேன். முதல் மழை வாசனை அந்தக் கட்டிக்குள்ளே இருந்தது. நடு வயல் மண்ணில் அது இல்லை.

வருகிற பட்டத்துக்கு நடுவில் எட்டு வரிசையை ரோட்டவேட்டர் போடாமல் விடுகிறேன். களை அதிகம் வரும், ஆள் கூலி ஏறும், பார்த்துக்கொள்ளலாம். தாளை எவ்வளவு கனத்துக்குப் போட வேண்டும்?

ஆனேக்கல்_முக்கால்ஏக்கர் | செப்டம்பர் 14, இரவு 9:45

நாலு விரல் கனம் அண்ணா, செடித் தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. ராகித் தாள் கிடைக்காவிட்டால் புங்க இலையே போதும், மரம்தான் வரப்பிலேயே இருக்கிறதே. எட்டு வரிசையின் இரண்டு முனையிலும் ஒரு குச்சி நட்டுவிடுங்கள், அடுத்த ஜூனில் அதே இடத்தில் குழி போட வசதியாக இருக்கும். நான் சனிக்கிழமை ஹொஸ்கோட்டை பக்கம் வருகிறேன், பையனும் வருவான். லென்சும் புனலும் கொண்டுவருகிறோம், உங்கள் புங்கமரத்து மண்ணில் ஒரு கட்டி மட்டும் தாருங்கள்.